பதினொரு நாள் இளையவன்

என் தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நான்தான். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா முந்தைய வருடம் செத்துப்போயிருந்தார். அம்மா விடிவதற்குள் மில்லில் காலை ஷிப்டுக்குப் போய்விடுவாள். கணபதிப் பகுதியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு கதவு, நடுவில் ஒரு குழாய். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நான் நாலாம் வகுப்போடு நின்றுபோயிருந்தேன். அவனை ஒன்றாம் வகுப்பில் தள்ளிவிட்டால் நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகலாம். இது அம்மாவின் யோசனை என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னோம். யோசனை என்னுடையது.

அப்போதெல்லாம் பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததா என்பதற்கு ஒரே சோதனைதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தம்பிக்கு நாலு வயதும் மூன்று மாதமும். விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை. நான் பின்னால் நின்று அவன் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கையைப் பிடித்து இழுத்து, காது நுனியில் ஒட்டவைத்தேன். அவன் வலியில் முனகினான். டீச்சர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அவருக்கும் ஒன்றாம் வகுப்புக்குத் தலை சேர்ந்தாக வேண்டும். "பொறந்த தேதி?" என்றார். "அஞ்சு முடிஞ்சுதுங்க டீச்சர்" என்றேன். சரி என்று ஜூன் ஒன்றாம் தேதி போட்டு, வருடத்தை அவரே கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. சட்டையில் பட்டன் வைப்பது மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

உண்மையில் அவன் பிறந்தது டீச்சர் எழுதிய ஜூனுக்கு அடுத்து வந்த பங்குனியில், அந்த லைன் வீட்டிலேயே. மருத்துவச்சி வந்து பார்த்தாள். ஆஸ்பத்திரியும் இல்லை, சர்ட்டிபிகேட்டும் இல்லை. அதே சமயம் பின்வரிசையில் குடியிருந்த அக்காவும் நிறைமாதமாக இருந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த பதினோராம் நாள் தீட்டுக் கழிப்பார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, துணிமணி எல்லாம் வெளுக்கப் போட்டு, குழந்தையைக் குளிப்பாட்டி, அக்கம்பக்கத்துக்குச் சோறு போடுவார்கள். தம்பிக்குக் கழித்த அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்திருந்த அந்த அக்காவுக்கு ரசம் ஊற்றும்போது வலி எடுத்தது. இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் விடிகாலையில் பையன் பிறந்தான் என்று சேதி வந்தது. எனக்கு அப்போது ஆறு வயது. அந்த இலையில் பாதிச் சோறு இருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆக, இரண்டு பையன்களுக்கும் பதினொரு நாள் வித்தியாசம். ஒரே குழாயடியில் குளித்து, ஒரே சீசாவில் இருந்து விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்தார்கள். அந்த அக்கா தன் பையனை ஐந்து முடிந்த பிறகுதான் சேர்த்தார், ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு. "நீயும் ஒரு கையைப் புடிச்சு இழுத்திருக்கலாமே" என்று அம்மா கேலி செய்ததற்கு, "இருக்கறதத்தானுங்க சொல்லோணும்" என்றார். அம்மாவுக்கு அது சுருக்கென்றிருந்தது. ஒரு வருடம் கழித்துச் சேர்ந்ததால் அவர் பையன் என் தம்பிக்கு ஒரு வகுப்பு கீழே படித்தான். பிறகு அவர்கள் இரண்டு தெரு தள்ளி வீடு மாறிப்போனார்கள். பையன்கள் வளர்ந்தார்கள், தெருவுக்கு ஒரு செட்டு சேர்ந்தது, என் தம்பி இந்தத் தெரு செட்டு, அவன் அந்தத் தெரு செட்டு.

செட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டென்னிஸ் பந்தில் கிரிக்கெட், ஒரு டீக்கடை பெஞ்சு, யாராவது ஒருவனிடம் ஒரு பழைய மொபெட். எங்கள் தெரு செட்டில் ஐந்து பேர். பெரியவனுக்குப் பத்தொன்பது, லேத் பட்டறையில் வேலை. என் தம்பிதான் கடைக்குட்டி. ஒன்பதாவது பெயிலாகி, மோட்டார் காயில் கட்டும் இடத்தில் இருந்தான். கேட்டால் இந்த ஐந்து பேருக்கும் அந்தத் தெருக்காரர்களோடு என்ன பகை என்று சொல்லத் தெரியாது. அந்த வருடம் மார்கழியில் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழாவில், கோயில் முன்னால் நட்ட கம்பத்தைச் சுற்றி ஆடும்போது ஒருத்தன் காலை ஒருத்தன் மிதித்துவிட்டான். சட்டை கிழிந்தது. இவ்வளவுதான் தொடக்கம். இதைக் கோர்ட்டில் 'முன்விரோதம்' என்று எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் திருவிழாவின் மஞ்சள் நீராட்டு, ஒருத்தர் மேல் ஒருத்தர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊரே மஞ்சள் தண்ணீரில் நனைந்து கிடந்தது. மத்தியானம் இரண்டு மணி இருக்கும். இரும்பு வார்க்கும் பவுண்டரியின் சுவர் ஓரமாக அந்த அக்காவின் பையன் தனியாக வந்துகொண்டிருந்தான். ஐந்து பேரும் அங்கே நின்றார்கள். பெரியவன் இடுப்பில் ஒரு அரம் இருந்தது, பட்டறை கிரைண்டரில் பிடித்து முனை தீட்டியது. என் தம்பி குத்தவில்லை. பின்னால் போய் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். பெரியவன் இரண்டு முறை குத்தினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. போலீஸ் ஐந்து சட்டையையும் எடுத்துப்போனார்கள். ஐந்தும் மஞ்சள்.

நான் அப்போது பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு எஸ்டிடி பூத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தாவது முடித்திருந்ததால் கிடைத்த வேலை. யாரோ போன் பேச வந்து, உன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று சொன்னார்கள். பூத்தைப் பூட்டிவிட்டுப் போனேன். ஸ்டேஷனில் வயது கேட்டார்கள். அம்மா, "பதினஞ்சுங்க சார், பங்குனி வந்தா பதினாறு" என்றாள். எழுதுகிறவர் தலையைத் தூக்கவே இல்லை. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் ஜூன் ஒன்று இருந்தது. பதினாறு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. என் தம்பி சென்ட்ரல் ஜெயிலுக்குப் போனான்.

வக்கீல் கணபதிக்காரர்தான், மில் கேஸ்கள் பார்ப்பவர். அவர் விஷயத்தை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "சம்பவத்தன்னிக்கு பதினாறு முடியலைன்னா சீர்திருத்தப் பள்ளி, பதினெட்டு ஆனதும் ஊட்டுக்கு வந்துரலாம். பதினாறு முடிஞ்சிருந்தா, கையப் புடிச்சவனுக்கும் குத்துனவனுக்கும் ஒரே தண்டனை, ஆயுள். இப்ப இருக்கற பேப்பர்ல முடிஞ்சிருக்குதுங்க." அம்மா என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, அரிசி களையும்போது கேட்டாள்: "ஏம்மிணி, வயித்துக்குள்ள இருந்த ஒம்பது மாசத்தையும் சேத்து எழுதிபோட்டியா?" கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூனில் இருந்து பங்குனிக்குச் சரியாக ஒன்பது மாதம்தான். அது திட்டா, கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஜெயிலில் வலைக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. நான் கேட்காமலே சொன்னான். "அவன் ஓடியிருப்பான்க்கா. மத்தவங்களப் பாத்ததும் திரும்புனான். அப்பறம் என்னையப் பாத்தான். நான் இருக்கறேன்னு நின்னுட்டான்." அடிக்கத்தான் போகிறார்கள் என்று நினைத்தாயா என்று கேட்டேன். "ஆமா" என்றான். பிறகு, "தெரியல" என்றான். அறைய வேண்டும் போலிருந்தது. நடுவில் வலை இருந்தது. இதை யாரிடமும், பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்று வக்கீல் உத்தரவு போட்டார். பிடித்தவன் யார் என்பதற்கு டீக்கடைக்காரர் ஒருவர்தான் சாட்சி, அவருக்குக் கண் சரியில்லை என்று நிரூபித்துவிடலாம் என்றார்.

வயது விசாரணை முதலில் வந்தது. எலும்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். பதினாறில் இருந்து பதினெட்டுக்குள் இருக்கலாம், முன்னே பின்னே ஒரு வருடம் போகலாம் என்று டாக்டர் எழுதினார். இதற்கு எக்ஸ்ரே எதற்கு, நானே சொல்லியிருப்பேன். ஜாதகம் எழுதிவைத்திருந்தோம், எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்று அரசு வக்கீல் தள்ளிவிட்டார். மருத்துவச்சி செத்து வெகுகாலம். தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டைத் துணியில் கட்டிக் கொண்டுவந்து காட்டினார். அதில் என் கைங்கரியம் நீல மசியில் அழகாக இருந்தது.

பிறகு நான் கூண்டில் ஏறினேன். காதைத் தொடவைத்த கதையைச் சொன்னேன். அரசு வக்கீல் நல்ல மனிதர்தான், ஆனால் வேலையைச் செய்ய வேண்டுமல்லவா. "அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"அப்பத்தானுங்க."

"அந்தப் பொய்யால யாருக்கு லாபம்?"

"எனக்குத்தானுங்க. பத்தாவது வரைக்கும் படிச்சேன்."

"இந்தப் பொய்யால?"

என்ன சொன்னாலும் அக்காக்காரி சொல்வதாகத்தான் இருக்கும். வெளியே வந்ததும் வக்கீல் சொன்னார், வீட்டு ஆட்கள் சாட்சி எடுபடாது, வேண்டாதவர்கள் யாராவது சொல்ல வேண்டும், அடுத்த வாய்தா பதினைந்து நாளில், அதோடு முடிந்தது. வேண்டாதவர்கள் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது.

"அவ ஊட்டுப் படிய மிதிச்சீன்னா நீ எனக்குப் புள்ளையே இல்ல" என்றாள் அம்மா. "பையனப் பறிகுடுத்துப்போட்டு ஒக்காந்திருக்கறவ. அவகிட்டப் போயி நிக்கறதுக்கு இவன் உள்ளயே கெடக்கட்டும்."

ஒரு வாரம் போகவில்லை. எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போனேன். தைரியம் வந்து போகவில்லை. பயந்துகொண்டுதான் போனேன். திரும்பிவந்து சோறு தின்ன முடியுமா என்றும் யோசித்தேன்.

அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து பனியன் துணிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். திருப்பூரில் இருந்து மூட்டையாக வரும்; தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டிக் கொடுக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் வெட்டுவதை நிறுத்தவில்லை. உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றபடியே வந்த விஷயத்தைச் சொன்னேன். தீட்டுக் கழித்த நாளைச் சொன்னேன். அவர் பையனின் சர்ட்டிபிகேட்டையும் கேட்டேன். சொல்லிமுடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எஸ்டிடி பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்களே, அப்படி ஒரு வேகம்.

நான்கைந்து பனியன் வெட்டினார். பிறகு கேட்டார்:

"ஏங்கண்ணு, என்ற பையனப் புடிச்சது உன்ற தம்பிதானா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. தெரியாதுங்க்கா என்றிருக்கலாம். வக்கீல் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். என் வாழ்க்கையில் சரியான சமயத்தில் பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான்.

"ஆமாங்க்கா" என்றேன். "அவன்தான். அவனப் பாத்துத்தான் உங்க பையன் ஓடாம நின்னிருக்கறான்."

கத்தரி நின்றது. கொஞ்ச நேரம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, தரையில் கிடந்த நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "போ அம்மிணி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வந்துவிட்டேன்.

வக்கீலிடம் சொன்னபோது பேனாவை மேசையில் போட்டார். "கேஸையே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கறீங்க. அந்தம்மா இதை அரசு வக்கீல்கிட்டச் சொன்னா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். பத்து வயதில் ஒரு முறை அவன் கழுத்தைத் திருகினேன், இப்போது இன்னொரு முறை என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நான் அங்கே போனது அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

வாய்தா அன்று அந்த அக்கா வந்தார். கூட யாரும் இல்லை. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பிளாஸ்டிக் கவரில் சர்ட்டிபிகேட். எங்கள் வக்கீல் நம்பாமல்தான் கூப்பிட்டார். டவாலி பெயரைக் கூப்பிட, கூண்டில் ஏறி நின்றார். பந்தி, ரசம், வலி, வண்டி, விடிகாலை எல்லாவற்றையும் சொன்னார். யார் வீட்டுத் தீட்டுக் கழிப்பு என்று கேட்டதற்கு என் தம்பி பெயரைச் சொல்லாமல், "அந்தப் பையனோடதுங்க" என்றார்.

அரசு வக்கீல் எழுந்தார். முதலில் அவருக்கே என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவர் யாருக்காக வாதாடுகிறாரோ அந்த ஆளே எதிரில் நின்றால் என்ன செய்வார்.

"அம்மா, நீங்க சொல்றதுனால அந்தப் பையன் ரெண்டு வருசத்துல வெளிய வந்துருவான். தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"உங்க மகனோட சாவுல அவனுக்குப் பங்கு இல்லைன்னு நெனைக்கறீங்களா?"

"இருக்குதுங்க. அவன்தான் புடிச்சான்."

எங்கள் வக்கீல் எழப்போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யார் சொன்னது என்று நீதிபதி கேட்பார், நான் எழுந்து நிற்க வேண்டியிருக்கும் என்று என் கால் தானாகவே ஊன்றிக்கொண்டது. அவர் கேட்கவில்லை. இது வயது விசாரணை, வயதைப் பற்றி மட்டும் பேசுங்கள் என்றார்.

"அப்பறம் எதுக்கும்மா வந்து சொல்றீங்க?" என்றார் அரசு வக்கீல். அதைக் கேட்டபோது அவர் வக்கீல் மாதிரி இல்லை.

"அவன் பொறந்த நாளை மாத்துனா என்ற பையன் பொறந்த நாளையும் மாத்தோணுமுங்களே, சார்" என்றார் அந்த அக்கா. "அந்தப் பந்தியில ஒக்காந்து வலி வந்துதான் இவன் பொறந்தான். அது இல்லைன்னு எப்புடிங்க சொல்றது? செத்த நாளு எல்லாத்துக்கும் தெரியும். பொறந்த நாளு எனக்கு மட்டுந்தானுங்க தெரியும்."

இறங்கி, சர்ட்டிபிகேட்டைத் திரும்பத் தருவார்களா என்று கேட்டார். கேஸ் முடிந்ததும் தருவதாக எழுத்தர் சொன்னார். வராந்தாவில் அம்மா அவர் காலில் விழப் போனாள். அந்த அக்கா ஒதுங்கிக்கொண்டார். "வேண்டாமுங்க. உங்களுக்காகச் சொல்லலீங்க" என்று சொல்லிவிட்டு, படியிறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அம்மா குனிந்த இடத்திலேயே நின்றாள். அன்று மாலைதான் என்னிடம் மறுபடி பேசினாள், சோறு போடட்டுமா என்று.

நீதிபதி ஒத்துக்கொண்டார். பதினைந்து வயது ஒன்பது மாதம் என்று உத்தரவில் எழுதினார். தம்பியைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மற்ற நால்வரில் மூன்று பேருக்கு ஆயுள், ஒருவன் விடுதலை. அந்த ஒருவன்தான் குத்துப்பட்டவனுக்கு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தவன் என்று டீக்கடைக்காரர் சொன்னது எடுபட்டது. பெரியவனின் அம்மா கோர்ட் வாசலில் எங்களைப் பார்த்துத் துப்பினாள். எங்கள் பையன் மட்டும் தப்பித்துவிட்டானாம். அதிலும் நியாயம் இருந்தது.

பதினெட்டு முடிந்து தம்பி வந்தான். இப்போது அவிநாசி ரோட்டில் ஒரு இடத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறான். குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வான் என்று முதலாளி மெச்சுகிறார். காரணம் அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் இன்னமும் ஜூன் ஒன்றுதான் இருக்கிறது. திருத்தித்தர முடியாது என்றுவிட்டார்கள். நான் அவனை மன்னித்தேனா என்று கேட்டால், சோறு போடுகிறேன், சட்டை துவைத்துத் தருகிறேன். அவன் கையைப் பார்க்காமல் இருக்கத்தான் இன்னும் பழகவில்லை.

போன பங்குனியில் ஒரு நாள் காலை, பூத்தைத் திறந்துகொண்டிருந்தேன். அந்த அக்கா பஸ்ஸுக்கு நின்றார். கோர்ட்டுக்குப் பிறகு இந்த ஆறு வருடத்தில் அவர் என்னோடு பேசியதில்லை. நானும் போய்ப் பேசியதில்லை. அவரே பக்கத்தில் வந்தார்.

"தம்பிக்கு இப்ப எத்தன வயசு கண்ணு?"

அவரிடம் சொல்வதற்கு அந்த நாளில் எனக்கு ஒரே பதில்தான் இருந்தது.

"இன்னைக்கோட இருபத்திரண்டு முடியுதுங்க்கா."

அவர் தலையாட்டினார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார்.

"அப்ப இவனுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்குது" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போனார்.